கீழ்ப்பாத்திக்கு அடியில் இருக்கிறவர்

போஞ்சிக் கொடிகளுக்கு நடுவே வெள்ளைத் தலையோடு இன்னும் எனக்குத் தெரிகிற என் மாமாவுக்கு, மருமகள் செல்லம்மா கும்பிட்டு எழுதுவது.

மாமா, இங்கே பனி இறங்கும் காலம். விடியக் கதவைத் திறந்தால் தோட்டமே இல்லை. வெள்ளையாக ஒன்று வாசற்படி வரைக்கும் வந்து நிற்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பந்தல் கம்பு வெளியே வருகிறது, அப்புறம் உருண்டை கட்டுகிற கோவா இலை, அப்புறம் பாத்தி. அந்த நேரத்தில் நீங்களும் அதற்குள்ளே எங்கேயோ களை பிடுங்கிக்கொண்டு இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றும். கூப்பிட்டால் நீங்கள் இல்லை என்று ஆகிவிடுமே என்று நான் கூப்பிடுவதில்லை.

உங்கள் மகனும், என் வீட்டுக்காரர், உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டார். அங்கேயாவது இரண்டு பேரும் பேசிக்கொள்கிறீர்களா? இல்லை, இங்கே மாதிரி ஆளுக்கொரு பாத்தியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறீர்களா?

இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும் இல்லை. என் பேத்தி, அதுதான் என் மகன், உங்கள் பேரன் ஜோர்ஜுடைய மகள், கெம்பஸ்ஸில் விவசாயம் படிக்கிறாள். நம் மலைப்பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து போடும் சஞ்சிகைக்கு நம் வீட்டுக் கதையை எழுதிக் கொடுக்கச் சொன்னாள். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தவள்தான். ஆனால் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தைத்தான் மாஸ்டர் மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். அதனால் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபப்படாதீர்கள்.

விசயம் இதுதான். கீழ்ப்பாத்தியைத் தோண்டக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி. காரீயத்துக்கு, பென்சிலுக்குள் இருக்கிற அந்தக் கறுப்புக் கல்லுக்கு, மறுபடியும் காலம் வந்துவிட்டதாம். காருக்குப் போடுகிற பெட்டரிக்கு அது வேண்டுமாம். பழைய குழி எங்கே எங்கே இருந்தது என்று தேடித் தேடி நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஜோர்ஜுக்குக் கொடுத்துவிட ஆசை. ஆனால் நிலம் என் பெயரில் அல்லவா இருக்கிறது? "செல்லம்மா சம்மதம் இல்லாம இதுல ஒரு மம்பட்டி மண்ணு போகக்கூடாது" என்று எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டு எழுதினீர்களே. மகன் இருக்க மருமகளுக்கா என்று அப்போது ஊரே கேட்டது. நீங்கள் ஒரு பதிலும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

கீழ்ப்பாத்திக்கு அடியில் யார் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

என் மாமாவின் அப்பா வில்லியமும் அவருடைய தம்பி ஜாக்கும் இங்கிலாந்தின் ஒரு ஓரத்தில், கடலுக்குப் பக்கத்தில் இருந்த சுரங்க ஊரில் பிறந்தவர்கள். அங்கே வெள்ளீயம் தோண்டினார்கள். சுரங்கம் மூடிப்போனதும் கப்பல் ஏறி இங்கே வந்தார்கள். தோட்டத்துத் துரைமார் மாதிரி பங்களாவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் இல்லை. காரீயக் குழிக்கு மரம் முட்டுக் கொடுக்கவும் பாறைக்கு வெடி வைக்கவும் ஒரு சிங்கள முதலாளி கூப்பிட்டு வந்தவர்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார்களாம். சாயங்காலம் மேலே வரும்போது கண்ணைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பாகப் பளபளக்குமாம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில், இருந்த ஜனம் அவர்களுக்குக் கரித்துரை என்று பெயர் வைத்தார்கள். குழி வாயில் உட்கார்ந்து காரீயத்தைத் தரம் பிரித்த பெண்களில் ஒருத்திதான் மாரியாயி. என் மாமாவின் அம்மா.

ஒரு ஐப்பசி மழையில், பக்கத்தில் தண்ணீர் நிறைந்து கிடந்த ஒரு பாழுங்குழியின் சுவர் உள்ளேயே உடைந்தது. அண்ணன் மெழுகுவர்த்தி எடுக்க மேலே வந்திருந்தார். தம்பி கீழே இருந்தார். கயிற்றை இழுத்தார்கள். வெறும் கயிறு வந்தது.

அதற்குப் பிறகு அந்தக் குழியில் யாரும் இறங்கவில்லை. முதலாளி விட்டுவிட்டுப் போனார். தோட்டத்துத் துரைமார் காசு சேர்த்து, ஊருக்குப் போ என்று கப்பல் டிக்கட் வாங்கித் தந்தார்களாம். வில்லியம் போகவில்லை. தம்பியைக் கீழே விட்டுவிட்டு எப்படிப் போவது? குழி இருந்த காட்டையே கேட்டு வாங்கினார். மாரியாயியைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தப் பங்களாவிலும் அவருக்கு நாற்காலி இல்லை.

பிழைப்புக்கு மரக்கறி போட்டார். அவர் ஊரில் சுரங்கத்து ஆட்கள் எல்லாருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு தோட்டம் உண்டாம். அந்தத் தைரியத்தில் சித்திரை மாதம் கரட் விதைத்தார். அவர் ஊரில் குளிர் போய் மண் திறக்கும் காலம் அது. இங்கே வைகாசியில் வானமே கொட்டியது. விதை எல்லாம் அடித்துக்கொண்டு போய், கீழே வயல் வைத்திருந்த சிங்களக் கிழவருடைய வரப்பில் முளைத்தது. கிழவர் ஒரு பிடி நாற்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "சுது மாத்தயா, உங்க தோட்டம் எங்க வீட்டுக்கு வந்திருக்கு" என்றாராம். சுது மாத்தயா என்றால் சிங்களத்தில் வெள்ளை ஐயா. அடுத்த வருசமும் சித்திரையிலேயே விதைத்தார். அதற்கு அடுத்த வருசமும். அந்த மனுசனுக்கு உடம்புதான் இங்கே வந்தது, மாதம் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டது என்று நீங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். கடைசியில் மாரியாயி விதை மூட்டையைச் சேலைக்குள் ஒளித்து வைத்து, மார்கழியில்தான் கொடுத்தார். அந்த வருசம்தான் முதல் கூடை ரம்புக்கனை ஸ்டேசனுக்குப் போய் ரயில் ஏறியது.

இந்தக் கதையெல்லாம் நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த பிறகு கேட்டது. ருவான்வெல்லைப் பக்கம் றப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். சம்பந்தம் பேசி வந்தபோது என் அம்மா அழுதுவிட்டார். "வெள்ளைக்காரன் வீட்டுல கரண்டியில திம்பாங்களேடி, நீ என்னடி பண்ணுவ?" என்று கேட்டார். நான் ஒரு மாதம் கரண்டியில் சோறு எடுத்துப் பழகினேன். வந்து பார்த்தால், பூனைக்கண்ணும் சிவந்த கழுத்துமாக ஒரு மனுசர் வாசலில் குந்தி உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து தின்றுகொண்டிருக்கிறார். "வாம்மா. கால கழுவிட்டு வந்து நீயும் ஒக்காரு" என்றீர்கள். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்தீர்களா?

கொஞ்ச நாளில் என் அப்பா, அம்மா, தம்பி எல்லாரையும் இலங்கைப் பிரஜை இல்லை என்று அரசாங்கம் இந்தியாவுக்குப் போகச் சொல்லிவிட்டது. மூன்று தலைமுறையாக இங்கே றப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள், ஒரு தகரப் பெட்டியோடு ரயில் ஏறினார்கள். ஸ்டேசனில் நான் விழுந்து அழுதபோது நீங்கள் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னைக் கீழ்ப்பாத்திக்குக் கூட்டிக்கொண்டு போய், "இங்க உக்காரு. இது விட்டுட்டுப் போக முடியாதவங்க உக்கார்ற எடம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் மேலே போய்விட்டீர்கள்.

கீழ்ப்பாத்திக்கு இந்த வீட்டில் தனிச் சட்டம். மம்பட்டி அலகு புதைகிற ஆழத்துக்கு மேல் அங்கே மண்ணைத் தொடக்கூடாது. மரவள்ளி வைக்கக்கூடாது, பிடுங்கும்போது ஆழத்து மண் வந்துவிடும். முள்ளங்கிகூட வேண்டாம். கீரை போடலாம், போஞ்சி போடலாம், சலாது இலை போடலாம். அங்கே சீட்டி அடிக்கக்கூடாது. மத்தியானம் ரொட்டி தின்றால் கடைசி விளிம்பைப் பிய்த்துப் பாத்தி ஓரத்தில் வைக்க வேண்டும். நான் வந்த புதிதில் அது காக்காய்க்கு என்று நினைத்தேன். சுரங்கத்துக்குள் தின்கிறவர்கள் கடைசித் துண்டைக் கீழே இருக்கிறவர்களுக்கு விடுவது உங்கள் அப்பாவுடைய ஊர் வழக்கம் என்று பிறகுதான் சொன்னீர்கள். எங்கள் லயத்தில் முனியாண்டிக்கு வைப்பது மாதிரிதானே என்று நான் சுருட்டும் சேர்த்து வைத்தேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தச் சட்டத்தை நீங்கள் போன பிறகும் நான் விடவில்லை. என் போஞ்சியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, மாமா. ரம்புக்கனைச் சந்தையில் பூனைக்கண் வீட்டுப் போஞ்சி என்றால் மற்றக் கடைக்காரர் வாயை மூடிக்கொள்வார்கள். ஆழம் போகாத மண்ணில் அப்படிக் காய்க்க வைப்பதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை எனக்கு இருக்கிறது.

சில நாள் வெயில் ஏறாத நேரத்தில் அங்கே உட்கார்ந்திருந்தால் கண் செருகிப்போகும். அப்போது நான் மேலே இருந்து தோட்டத்தைப் பார்க்க மாட்டேன், கீழே இருந்து பார்ப்பேன். நம்முடைய போஞ்சி வேரெல்லாம் மெல்லிசாக, வெள்ளையாக மேலே தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் பச்சை வெளிச்சமாக ஆடும். அதற்குள் ஒரு பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்கு நம் தோட்டம்தான் ஆகாயம். நான் நடந்தால் அவனுக்கு இடி இடிக்குமோ என்று மெதுவாக எழுந்து வருவேன்.

அதனால் கம்பெனி என்றதும் முடியாது என்றுதான் சொன்னேன். ஜோர்ஜ் விடவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி பகல் என்று பாடுபடுகிறவன்.

"கொரங்கு திங்கிறது பாதி, பன்னி கெளர்றது பாதி. மிச்சத்த வித்துட்டு நாம பெரும பேசிக்கிட்டு இருக்கோம்" என்றான்.

பூனைக்கண் வீட்டுப் போஞ்சி என்று ஊரே சொல்கிறதே என்றேன். அந்த ஊரே இப்போது தம்புள்ளையிலிருந்து லொறியில் வருகிற போஞ்சியைத்தான் வாங்குகிறது என்றான். அது உண்மை, மாமா. உண்மை என்பதால்தான் எனக்குக் கோபம் வந்தது. மூன்று நேரம் அவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் கம்பெனியிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். சந்தமாலி என்று பெயர், மண்ணையும் கல்லையும் படித்தவள். என் பேத்தியைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். ஜோர்ஜ்தான் வரச் சொல்லியிருந்தான், அம்மாவுக்குச் சிங்களத்திலேயே விளக்கிச் சொல் என்று. நான் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே சொன்னேன். கீழே ஒருத்தர் இருக்கிறார், எங்கள் வீட்டு மனுசர், அவரை எழுப்பக்கூடாது, அவர் மேல் மிசின் ஓடக்கூடாது என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு வெறுமனே வந்ததையும் சொன்னேன்.

ஜோர்ஜ் தலையைக் குனிந்துகொண்டு, நூறு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது, தண்ணீருக்குள் என்ன மிஞ்சியிருக்கும் என்று முணுமுணுத்தான்.

அந்தப் பிள்ளை தேத்தண்ணீரைக் கீழே வைத்தாள். இப்போதெல்லாம் பெரிய பம்ப் இருக்கிறது, தோண்டுவதற்கு முன்னால் எப்படியும் தண்ணீர் முழுவதையும் இறைத்துத்தான் பார்ப்போம், அந்த மாதிரி இடத்தில் காற்று படாததால் மரமும் காலில் போட்டிருந்த சப்பாத்துத் தோலும்கூட அப்படியே இருக்கும் என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஆச்சி, அவர மேல எடுக்க வேணாமா?"

மாமா, இத்தனை வருசத்தில் இந்த வீட்டில் ஒருத்தர்கூட அப்படிக் கேட்டதில்லை. அவர் மேல் மிதிக்காதே, அவரை எழுப்பாதே, அவருக்கு ரொட்டி வை. இதுதானே நமக்குத் தெரியும்? நான் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அந்தப் பிள்ளை பயந்துபோய் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் முழுக்கக் கீழ்ப்பாத்தி ஓரத்தில் மூடிக் கிடக்கிற குழி வாய்ப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்தக் கயிறு ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொரு மாசியிலும், மழை இல்லாமல் மண் காய்கிற காலத்தில், குழியின் மரமூடியைத் தூக்கிவிட்டுக் கல் கட்டிய கயிறு விடுவீர்களே. உங்கள் அப்பா விட்டதால் நீங்களும் விட்டீர்கள். தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பீர்கள். ஒரு தடவை கயிற்றை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈரம் ஏறிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் நெறையத்தான் இருக்கு. பாவம்" என்றீர்கள். வெயில் காலத்தில் தண்ணீர் நிறைய இருந்தால் சந்தோசப்படாமல் பாவம் என்கிறாரே என்று நான் நினைத்தேன். தோட்டத்துக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள் என்றுதான் அதுவரைக்கும் எனக்கு நினைப்பு.

அந்தக் குழித் தண்ணீரை நாம் ஒரு செடிக்காவது ஊற்றியிருக்கிறோமா, மாமா? ஒரு வாளி? எத்தனை வறட்சி வந்தாலும் ஆற்றிலிருந்துதானே சுமந்தோம்?

அப்படியென்றால் உங்கள் அப்பா தம்பிக்குக் காவல் இருக்கவில்லை. காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். தண்ணீர் எந்த வருசமாவது வற்றாதா, இறங்கிப் போய்த் தூக்கி வந்துவிட மாட்டோமா என்று ஒவ்வொரு மாசியிலும் எட்டிப் பார்த்திருக்கிறார். அவருக்குப் பிறகு நீங்கள் பார்த்தீர்கள். மூடியைப் போட்டுவிட்டு அடுத்த மாசி வரைக்கும் போஞ்சி போட்டீர்கள். நான் புரிந்துகொண்டது சரிதானா? நிலத்தை என் பெயரில் எழுதும்போது இதைத்தான் என்னிடம் விட்டுப் போனீர்களா? சொல்லியிருக்கலாமே, மாமா. நீங்கள் பேசாத மனுசர்தான், ஆனால் இதைச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலையில் ஜோர்ஜைக் கூப்பிட்டு, பம்பைக் கொண்டுவரச் சொல் என்றேன். முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும். அவரை மேலே எடுக்க வேண்டும். மேல்தோட்டத்துப் பலாமரத்தடியில் வில்லியம் தாத்தாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு கீழ்ப்பாத்தியை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். மேல்தோட்டத்தில் ஒரு கம்பைக்கூடத் தொடக்கூடாது. அதுதான் பேச்சு என்றேன்.

சண்டைக்கு ஆயத்தமாக வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு கீழ்ப்பாத்திப் பக்கம் திரும்பிப் பார்த்தான். இந்தத் தோட்டத்தில் தவழ்ந்த பிள்ளைதானே அவனும்.

"வேணாம்மா. அவரு அங்கயே இருக்கட்டும். நான் மரக்கறியே செஞ்சிக்கிறேன்" என்றான்.

"ஏன்?"

"எறைச்சிப் பாத்து அங்க ஒண்ணுமே இல்லன்னா?"

அதற்குத்தான் அவன் இத்தனை நாளும் பயந்திருக்கிறான், மாமா. தண்ணீருக்குள் என்ன மிஞ்சும் என்று என்னிடம் வாயடித்தவன். இவ்வளவு ரொட்டியும், இவ்வளவு பத்திரமும், உங்கள் அப்பா ஊருக்குப் போகாமல் இருந்ததும் எல்லாம் வெறும் சேற்றுக்காகவா என்று ஆகிவிட்டால்? எனக்கும் அந்தப் பயம் இல்லையா? ஆனால் நான் மூத்தவள். "ஒண்ணும் இல்லன்னா அதையும் நாமதான் பாக்கணும். வேற யாரு பாக்கிறது?" என்றேன்.

கிராம சேவகரிடம் சொல்லியாயிற்று. பாஸ்டரிடமும் பூசாரியிடமும் சொல்லியாயிற்று. இரண்டு பேரும் வருகிறேன் என்றார்கள், யார் முதலில் என்று மட்டும் இன்னும் பேசி முடியவில்லை. பேத்தி விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறாள். கீழ்ப்பாத்திப் போஞ்சியை நானே என் கையால் பறித்து முடித்துவிட்டுக் கொடியைப் பிடுங்கிப் போட்டேன். வேர் மேலோடு மேலாகச் சுலபமாக வந்துவிட்டது. அழவில்லை. கொஞ்சம் அழுதேன்.

இப்போது பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் முதலில் தெளிவாக வந்தது, இன்றைக்குச் சாம்பல் நிறமாக மினுங்கிக்கொண்டு வருகிறது. சந்தமாலி டோர்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, முதல் முட்டு மரங்கள் தெரிகின்றன, ஆச்சி, வைத்தவர் கைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும், இன்னும் சாயாமல் நிற்கின்றன என்றாள். அது நீங்கள் பிறப்பதற்கு முன்னால் உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நிறுத்தியது, மாமா. ஜோர்ஜ் குழி வாயை விட்டு நகரவே மாட்டேன் என்கிறான். சோற்றை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிகிற நேரத்தில் நான் வீட்டுக்குள் இருக்க மாட்டேன். அது மட்டும் உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

மாமா, முறைக்கு ஜாக் உங்களுக்குச் சித்தப்பா, எனக்கு எத்தனையோ படி மேலே. ஆனால் போகும்போது அவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை என்று உங்கள் அப்பா சொல்வாராமே. அப்படிப் பார்த்தால் என் பேத்தியைவிடச் சின்னப் பிள்ளை. மேலே வந்தால் இங்கே அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை, நம் பாஷையும் தெரியாது. அதனால் என்ன? ஒரு எலும்பு வந்தாலும், ஒரு சப்பாத்து வந்தாலும், ஒன்றுமே வராமல் ஒரு கை மண்தான் வந்தாலும், அதைச் சேலையில் வாங்கிக்கொண்டு, "வா சாமி, அண்ணன் காத்துக்கிட்டு இருக்காரு" என்று சொல்லி மேலே கூட்டிக்கொண்டு போவேன். அவரைப் படுக்க வைத்த பிறகுதான் என் வீட்டுக் கதவைச் சாத்துவேன்.

உங்கள் மருமகள்,
வயதால் இப்போது ஜாக்குக்கு அம்மா ஆகிறவள்,
செல்லம்மா.